வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கம்: பழைய தொழிற்சாலை மனை வாங்குவோர் கேட்கும் கேள்விகள்

ராணிப்பேட்டை, ஆம்பூர், அம்பத்தூர், திருப்பூர், ஈரோடு என்று எந்தப் பக்கம் போனாலும் மூடிக் கிடக்கும் தொழிற்சாலை மனைகள் விற்பனைக்கு வருகின்றன. ரோட்டோரம் இருக்கும், மின் இணைப்பு இருக்கும், காம்பவுண்டு சுவரும் இருக்கும். விலையும் பேசினால் படியும். குடோன் போடலாம், ஷோரூம் கட்டலாம், மனை பிரித்து விற்கலாம் என்று வருகிறவர்கள் பத்திரத்தை இரண்டு மூன்று வக்கீல்களிடம் காட்டிக் கருத்து வாங்குகிறார்கள். மண்ணில் ரசாயன மாசு இருக்கிறதா என்று பார்க்க அதை ஒரு லேபுக்கும் அனுப்புவதில்லை. மண் மாசைப் பார்க்கும் வேலையில் இருக்கிறவர்களிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் கீழே தந்திருக்கிறேன். சட்டப்படி முடிவெடுக்கும்போது உங்கள் வக்கீலையும் ஒரு சுற்றுச்சூழல் பொறியாளரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் சரியாக இருக்கிறது. இதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும்?

வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும். அந்த இடத்தில் 20 வருடம் பழைய பேட்டரி உருக்கினார்களா, தோல் பதனிட்டார்களா, சாயக் கசடைக் கொட்டி வைத்தார்களா என்பது பத்திரப் பதிவு அலுவலகத்துக்குத் தெரியாது. அந்தத் தகவல் மாசுக் கட்டுப்பாடு வாரியத்தின் மாவட்ட அலுவலகக் கோப்பில் இருக்கும். அங்கே இல்லாததும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

விஷயம் எவ்வளவு பெரிதாகப் போகலாம் என்பதற்கு ராணிப்பேட்டையைப் பாருங்கள். அங்கே மாநில அரசின் சிப்காட் தொழிற்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற நிறுவனம் 1970-களின் நடுவில் உற்பத்தியைத் தொடங்கி 1990-களின் நடுவில் கதவைச் சாத்தியது. வளாகத்துக்குள் அது விட்டுச்சென்ற குரோமியக் கழிவு 2 லட்சம் டன்னுக்கு மேல். மழை பெய்தால் அந்தக் குவியலிலிருந்து மஞ்சள் மஞ்சளாகத் தண்ணீர் வடியும். 2006-ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் என்ற சூழல் அமைப்பு உலகின் மிக மாசுபட்ட 10 இடங்களைப் பட்டியலிட்டபோது அதில் ராணிப்பேட்டையும் இருந்தது. ஆலை மூடிக் கால் நூற்றாண்டு ஆன பிறகும் அந்தக் குவியல் அங்கேயேதான் கிடந்தது.

நீங்கள் பார்க்கும் மனை அந்த அளவுக்கு மோசமாக இருக்காது. ஆனால் அரை ஏக்கரில் ஒரு மூலையில் நாலு லாரி கசடு புதைந்திருந்தாலே உங்கள் கட்டுமானத் திட்டம் நின்றுவிடும்.

எந்த மாதிரி இடங்களில் சந்தேகப்பட வேண்டும்?

முதலில் பழைய தொழில் என்ன என்று கேளுங்கள். டேனரி (தோல் பதனிடும் ஆலை) என்றால் குரோமியம், சாயப்பட்டறை என்றால் உப்பும் கசடும், பேட்டரி உருக்கிய இடம் என்றால் ஈயம். முலாம் பூசும் பட்டறையில் குரோமியம், நிக்கல், சயனைடு மூன்றையும் எதிர்பார்க்கலாம். பெட்ரோல் பங்க், லாரி ஷெட், ஆயில் குடோன் என்றால் எண்ணெய். பூச்சிமருந்து கலந்த இடம், பழைய டிரான்ஸ்பார்மர் பிரித்த இடம் ஆகியவற்றைப் பெரும்பாலும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆபத்தில் அவையும் குறைந்தவை அல்ல.

அடுத்து, இடத்தை நடந்து பாருங்கள். ஷோரூம் பார்ப்பது போல முன்வாசலில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. பின்பக்கம் போங்கள். எங்கும் கருவேலம் மண்டிக் கிடக்கும்போது ஒரு திட்டில் மட்டும் புல்கூட முளைக்காமல் இருக்கிறதா? சுவரின் அடிப்பகுதியில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் வரை, மஞ்சளோ பச்சையோ பூத்து உப்புப் பொரிந்திருக்கிறதா? கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டியில் இன்னும் கசடு கிடக்கிறதா, இல்லை மண்ணைத் தள்ளி மூடியிருக்கிறார்களா? ஷெட்டின் சிமெண்டுத் தரையில் வட்ட வட்டமாகக் கறை இருந்தால் அங்கே பேரல்கள் நின்றிருக்கின்றன. வட்டங்களுக்கு நடுவே தரை வெடித்திருந்தால் கீழேயும் இறங்கியிருக்கும்.

புதிதாகக் கிராவல் பரப்பி ரோலர் விட்ட இடம் இருந்தால் அங்கே கொஞ்ச நேரம் கூடுதலாக நில்லுங்கள். விற்கப்போகிறவர் மனையை அழகுபடுத்துவது சகஜம்தான். ஆனால் ஐந்து ஏக்கரில் அந்த ஒரு மூலையை மட்டும் ஏன் அழகுபடுத்தினார் என்று கேட்காமல் வராதீர்கள்.

வாட்ச்மேனிடம் பேசுங்கள். முதலாளி மாறியிருப்பார், கம்பெனி பேர் மாறியிருக்கும், ஆனால் வாட்ச்மேன் பல இடங்களில் அதே ஆளாக இருப்பார். எந்தக் குழியில் எதைப் போட்டு மூடினார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் போர் தண்ணீரைக் குடிக்கிறார்களா, எந்த வருடத்தில் நிறுத்தினார்கள் என்று கேளுங்கள். கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இன்று சமதளமாகத் தெரியும் இடத்தில் 2008-ல் ஒரு குட்டை இருந்திருந்தால் படத்தில் தெரிந்துவிடும்.

மண் பரிசோதனை ஏற்கெனவே எடுத்தாச்சே. இன்ஜினியர் ரிப்போர்ட் கொடுத்திருக்கிறாரே?

அது வேறு பரிசோதனை. கட்டடம் கட்டுவதற்கு முன் எடுக்கும் மண் பரிசோதனை, மண் எவ்வளவு எடை தாங்கும், அஸ்திவாரம் எத்தனை அடி போக வேண்டும் என்று மட்டும்தான் சொல்லும். அதில் குரோமியமும் ஈயமும் வராது. வேளாண்மைத் துறை தரும் மண்வள அட்டையும் இதற்கு உதவாது. அது பயிருக்கு என்ன உரம் போடலாம் என்று சொல்ல வந்தது.

அப்படியானால் லேபில் எதைச் சோதிக்கச் சொல்வது? எங்கே தோண்டுவது?

பழைய தொழிலைப் பொறுத்துத்தான் பட்டியல் போட வேண்டும். 'எல்லாவற்றையும் பாருங்கள்' என்றால் பில் எகிறுமே தவிரப் பயன் குறைவு. டேனரி நிலத்தில் மொத்தக் குரோமியத்தை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். ஆறு இணைதிறன் கொண்ட குரோமியத்தைத் தனியாக அளக்கச் சொல்லுங்கள். தண்ணீரில் சட்டென்று கரைந்து நிலத்தடிக்குப் போவதும், புற்றுநோய் உண்டாக்குவதும் அந்த வகைதான்.

தோண்ட வேண்டிய இடங்களை விற்பவர் காட்டக் கூடாது, நீங்கள் தேர்ந்தெடுங்கள். சுத்திகரிப்புத் தொட்டியைச் சுற்றி, கெமிக்கல் வைத்திருந்த அறையின் வாசலில், பாய்லர் பக்கம், டிரான்ஸ்பார்மர் யார்டு, கழிவுநீர் வெளியேறிய வாய்க்கால், மனையிலேயே தாழ்வான மூலை ஆகிய இடங்கள் தப்பக் கூடாது. மேல்மண் ஒன்று, ஒரு மீட்டர் ஆழத்தில் ஒன்று, அதற்கும் கீழே ஒன்று என்று தனித்தனியாக எடுக்க வேண்டும். பத்து இடத்து மண்ணை ஒரே பையில் கலந்து அனுப்பினால் கெட்ட மண்ணின் அளவு நல்ல மண்ணில் கரைந்து சராசரியாகிவிடும். விற்பவரே எடுத்து வைத்திருக்கும் ரிப்போர்ட்டுகளில் இந்தக் கலவை வேலையை அடிக்கடி பார்க்கலாம்.

பெட்ரோல், தின்னர் போன்ற ஆவியாகும் பொருள்களுக்கு மண்ணைக் கண்ணாடிப் பாட்டிலில் விளிம்பு வரை நிரப்பி, மூடி, ஐஸ் பெட்டியில் அனுப்ப வேண்டும். பிளாஸ்டிக் கவரில் கட்டி இரண்டு நாள் வெயிலில் கிடந்த மண்ணில் எதுவும் மிஞ்சாது. என்.ஏ.பி.எல். (லேபுகளின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் உள்ள லேபாக இருக்கட்டும், அந்த அங்கீகாரம் நீங்கள் கேட்கும் அந்தச் சோதனைக்கும் உண்டா என்றும் பாருங்கள்.

மண்ணோடு நிறுத்தாமல் மனையில் உள்ள ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையும் எடுங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவில் ஒரு லிட்டருக்கு மொத்தக் குரோமியம் 0.05 மில்லிகிராம், ஈயம் 0.01, பாதரசம் 0.001 வரைதான் இருக்கலாம். மண்ணை விட்டுத் தண்ணீருக்கு இறங்கிவிட்டதா என்பதை வைத்துத்தான் செலவு லட்சத்திலா கோடியிலா என்று தெரியும்.

எவ்வளவு இருந்தால் 'மாசுபட்ட நிலம்' என்பார்கள்?

அந்த நிலத்தில் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நம் நாட்டு ஆய்வுகளில் நீண்ட காலம் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட கனடா நாட்டு அளவுகளைப் பாருங்கள். ஒரு கிலோ மண்ணில் ஈயம் விவசாய நிலத்துக்கு 70 மில்லிகிராம், குடியிருப்புக்கு 140, வணிக இடத்துக்கு 260, தொழிற்சாலைக்கு 600. அதாவது அதே மண் குடோனுக்குத் தேறும், அபார்ட்மெண்டுக்குத் தேறாது. 'லேப் ரிப்போர்ட் ஓகே' என்று யாராவது சொன்னால் எந்தப் பயன்பாட்டுக்கு ஓகே என்று கேளுங்கள். தொழிற்சாலை மனையை வாங்கிக் குடியிருப்பாக மாற்ற நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அளவு என்பது சண்டை நடக்கும் இடமும்கூட. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை விவகாரம் பலருக்கும் தெரியும். 2001-ல் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த கண்ணாடிச் சில்லுகள் டன் கணக்கில் கிடந்தது வெளியே வந்தது, இந்துஸ்தான் லீவர் நடத்திய அந்த ஆலை மூடப்பட்டது. 2003-ல் 290 டன் பாதரசக் கழிவு கப்பலில் அமெரிக்காவுக்குப் போனது. மிச்சம் இருந்தது ஆலை வளாகத்து மண். ஒரு கிலோ மண்ணில் பாதரசம் 20 மில்லிகிராமுக்குக் கீழே வந்தால் போதும் என்று வாரியத் தரப்பு ஏற்றது. ஆலை நிற்பது பாம்பாறு சோலைக்கு மேலே உள்ள சரிவு, அங்கிருந்து தண்ணீர் காட்டுக்குள் இறங்குகிறது, எனவே அளவு இன்னும் கீழே இருக்க வேண்டும் என்று சூழல் அமைப்புகள் வாதாடின. இந்த ஒரு எண்ணுக்காகவே வருடங்கள் ஓடின. என் பார்வையில் சூழல் அமைப்புகளின் கேள்வி நியாயமானது. வளாகத்துக்குள் நடப்பதை வைத்து மட்டும் அளவை முடிவு செய்ய முடியாது, தண்ணீர் எங்கே போகிறது என்றும் பார்த்தாக வேண்டும்.

2025-ல் புதிதாக விதிகள் வந்திருப்பதாகச் சொல்கிறார்களே?

ஆமாம். ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 ஜூலையில் மாசுபட்ட இடங்கள் மேலாண்மை விதிகளை வெளியிட்டது. 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் இவை. அதற்கு முன்பு அபாயக் கழிவு விதிகள், தண்ணீர்ச் சட்டம், நீதிமன்றத் தீர்ப்புகள் எல்லாவற்றையும் ஒட்டுப்போட்டுத்தான் நடவடிக்கை எடுத்தார்கள். மாசுபட்ட நிலத்துக்கென்று தனியாக ஒரு சட்ட வழி நமக்கு இல்லாமலே இருந்தது.

நடைமுறை இப்படிப் போகும். மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சந்தேகத்துக்குரிய இடங்களைப் பட்டியலிட்டு மாநில வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். வாரியம் 90 நாளில் முதற்கட்ட ஆய்வு செய்யும். அதில் விஷயம் இருப்பதாகத் தெரிந்தால் அடுத்த மூன்று மாதத்தில் விரிவான ஆய்வு. 189 அபாயகரமான ரசாயனங்களில் ஏதாவது வரம்பைத் தாண்டியிருந்தால் அது மாசுபட்ட இடம் என்று உறுதியாகும், பொதுமக்களுக்கு அறிவிக்கப்படும், உள்ளே போய்வருவதற்குக் கட்டுப்பாடு வரும். பிறகு ஒரு நிபுணர் நிறுவனம் சீரமைப்புத் திட்டம் தயாரிக்கும். யார் பொறுப்பு என்று வாரியம் 90 நாளில் கண்டுபிடிக்க வேண்டும். பொறுப்பானவர் செலவைக் கட்ட வேண்டும். ஆளே இல்லை, அல்லது கட்ட வக்கில்லை என்றால் ஒன்றிய, மாநில அரசுகள் ஏற்பாடு செய்யும். மாசால் உயிரோ உடைமையோ போனது நிரூபணமானால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் கீழ் குற்ற வழக்கும் வரும்.

கதிரியக்கக் கழிவு, சுரங்கம், கடலில் எண்ணெய், நகராட்சிக் குப்பைக் கிடங்கு ஆகியவற்றுக்கு வேறு சட்டங்கள் இருப்பதால் இந்த விதிகள் அவற்றைத் தொடுவதில்லை.

எனக்கு இதில் ஒரு குறை பெரிதாகத் தெரிகிறது. கண்டுபிடிக்க நாள் குறித்திருக்கிறார்கள், ஆளைப் பிடிக்க நாள் குறித்திருக்கிறார்கள், சுத்தம் செய்து முடித்து 'இனி பாதுகாப்பானது' என்று சொல்ல நாள் குறிக்கவில்லை. விதிகள் வந்த நேரத்தில் நாடு முழுக்க அடையாளம் கண்ட 103 இடங்களில் ஏழில்தான் சீரமைப்பு தொடங்கியிருந்தது. மனை வாங்கிப் பாங்கில் வட்டி கட்டிக்கொண்டிருப்பவருக்கு அந்த முடிவில்லாத காலம்தான் உண்மையான அபராதம்.

மண்ணைக் கெடுத்தது பழைய முதலாளி. நான் எதற்குக் கட்ட வேண்டும்?

கொள்கை உங்கள் பக்கம்தான். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 1996-லேயே இரண்டு வழக்குகளில் நிலைநாட்டியது. ஒன்று நம் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தோல் தொழிற்சாலைகள் மீது போட்ட வழக்கு. இன்னொன்று ராஜஸ்தானின் பிச்சடி கிராம வழக்கு. தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் இந்தக் கொள்கையை வைத்தே தீர்ப்பளிக்க வேண்டும் என்று அதன் சட்டம் சொல்கிறது.

ஆனால் கொள்கை இருப்பதும் பணம் வருவதும் ஒன்றல்ல. பிச்சடியில் எச் ஆசிட் என்ற சாய மூலப்பொருள் தயாரித்த ஆலைகள் கசடைக் கொட்டியதில் சுற்றுவட்டாரக் கிணறுகளில் தண்ணீர் பழுப்பாக மாறியது. சீரமைப்புச் செலவு 37 கோடி ரூபாய்க்கு மேல் என்று கணக்கிடப்பட்டது. கம்பெனி மனு மேல் மனுவாகப் போட்டுக்கொண்டே இருந்தது. 2011-ல் உச்ச நீதிமன்றம் கூட்டு வட்டியோடு கட்டச் சொல்லி, வழக்கை இழுத்தடித்ததற்குத் தனியாக 10 லட்சம் ரூபாய் செலவுத்தொகையும் போட்டது. 15 வருடம்! போபாலில் 1984-ல் விஷவாயு விபத்து நடந்தது. ஆலைக்குள் கிடந்த 337 டன் கழிவு 2025-ல்தான் மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் எரிக்கப்பட்டது. அதுவும் மேலே கிடந்து சேகரித்த கழிவுதான், மண்ணுக்குள் இறங்கியது தனிக்கணக்கு.

நீங்கள் மாசுபடுத்தவில்லை என்று காட்ட வாய்ப்பு உண்டு. ஆனால் வாரியம் நோட்டீஸ் ஒட்டுவது உங்கள் கேட்டில். கட்டுமானத்தை நிறுத்தச் சொல்வதும் உங்களிடம். பழைய கம்பெனி கலைந்துபோய், இயக்குநர்கள் திசைக்கொருவராகப் போயிருந்தால் உங்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். நீங்கள் வாங்கிய பிறகும் கசிவு தொடர்ந்து, தெரிந்தும் சும்மா இருந்தீர்கள் என்றால் 'நான் செய்யவில்லை' என்ற வாதமும் பலவீனமாகிவிடும்.

அமெரிக்காவில் இதற்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். நயாகரா ஃபால்ஸ் ஊரில் ஹூக்கர் கெமிக்கல் என்ற கம்பெனி ரசாயனக் கழிவு புதைத்த லவ் கெனால் நிலத்தை 1953-ல் பள்ளி வாரியத்துக்கு ஒரே ஒரு டாலருக்கு எழுதிக்கொடுத்தது. கழிவு இருக்கிறது, பின்னால் எங்களைக் கேட்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதியும் வைத்தது. அங்கே பள்ளிக்கூடமும் வீடுகளும் வந்தன. 1978-ல் அவசரநிலை அறிவித்து மக்களை வெளியேற்றினார்கள். 1980-ல் அதற்கென்றே சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி இன்றைய உரிமையாளரையும் பிடிக்கலாம். ஆனால் வாங்குவதற்கு முன் முறைப்படி விசாரித்தவருக்குப் பாதுகாப்பு உண்டு. அந்த விசாரணையின் முக்கியப் பகுதிகள் கிரையத்துக்கு முந்தைய 180 நாளுக்குள் செய்தவையாக இருக்க வேண்டும். அதனால் அங்கே பாங்கே முதலில் சுற்றுச்சூழல் ரிப்போர்ட்டைக் கேட்கும். இங்கே அந்தப் பழக்கம் பன்னாட்டு நிறுவனங்களிடமும் பெரிய குடோன் கம்பெனிகளிடமும்தான் இருக்கிறது.

விற்பவர் தெரிந்தே மறைத்தால்?

1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு உங்களுக்குக் கைகொடுக்கும். வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் தெரியாத, விற்பவருக்குத் தெரிந்த முக்கியக் குறையை அவர் சொல்லியாக வேண்டும். மண்ணுக்குள் புதைத்த கசடு அதற்கு நல்ல உதாரணம். ஆனால் அவருக்குத் தெரியும் என்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டும். வாரியம் அவருக்கு அனுப்பிய பழைய நோட்டீஸ் ஒன்று கையில் இருந்தால் அந்த வேலை எளிது.

வழக்கை நம்புவதைவிட ஒப்பந்தத்தை நம்புங்கள். கிரைய ஒப்பந்தத்திலேயே பழைய தொழில் என்ன, கழிவு எங்கே போனது, வாரிய நோட்டீஸ் உண்டா என்று விற்பவர் எழுத்தில் சொல்லட்டும். மண் பரிசோதனை முடிவு வந்த பிறகே கிரையம் என்று போடுங்கள். பின்னால் வரும் சீரமைப்புச் செலவுக்கு அவர் பொறுப்பு என்ற உறுதிமொழியோடு, விலையில் ஒரு பகுதியை இரண்டு மூன்று வருடம் மூன்றாம் ஆளிடம் நிறுத்திவைக்க முடிந்தால் அதுதான் பலமான பிடி. சொத்தே இல்லாத கம்பெனி கொடுக்கும் உறுதிமொழியை வைத்து என்ன செய்வது? கம்பெனி விற்றால் அதன் இயக்குநர்களும் தனிப்பட்ட முறையில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் பேசினால்தான் இதெல்லாம் நடக்கும்.

பாங்க் ஏலத்தில் மலிவாக வருகிறதே?

'உள்ளது உள்ளபடியே' என்ற வாசகத்தோடுதான் வரும். அதில் மண்ணும் அடக்கம். ஏலத்துக்கு முன் இடத்தைப் பார்க்க ஒரு நாள் கொடுப்பார்கள். அன்றைக்கு வெறும் கையோடு போகாமல், மண்வெட்டியோடு ஒரு லேப் ஆளையும் கூட்டிக்கொண்டு போக அனுமதி கேளுங்கள். மறுத்தால் அதையும் விலையில் கணக்குப் போடுங்கள்.

வாங்கவில்லை, வாடகைக்குத்தான் எடுக்கிறேன். எனக்கும் இது பொருந்துமா?

இரண்டு பக்கமும் பொருந்தும். உள்ளே நுழையும் அன்றே மண்ணையும் தண்ணீரையும் சோதித்து, ரிப்போர்ட்டை ஒப்பந்தத்தோடு இணைத்துவிடுங்கள். காலி செய்யும்போது இன்னொன்று. இது இல்லாவிட்டால் உங்களுக்கு முன்னால் இருந்தவர் ஊற்றிய ஆசிட்டுக்கும் உங்கள் தலையில்தான் கணக்கு எழுதுவார்கள். கட்டட உரிமையாளருக்கும் இதே ஆலோசனைதான். முலாம் பட்டறைக்கு இடம் கொடுத்துவிட்டு மாத வாடகையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால், பட்டறைக்காரர் ஒரு ராத்திரியில் காலி செய்துவிட்டுப் போன பிறகு தொட்டியும் கசடும் உங்களுக்குத்தான்.

சிப்காட் மனை என்றால் பெரும்பாலும் 99 வருடக் குத்தகை. கைமாற சிப்காட்டின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் கிடைத்ததால் மண் சுத்தம் என்று அர்த்தமில்லை.

பெட்ரோல் பங்க் இருந்த இடம்?

நிலத்தடித் தொட்டிகளை எடுத்துவிட்டார்களா, வெறுமனே மணல் நிரப்பி விட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். தொட்டியைவிடக் குழாய் இணைப்புகளில்தான் கசிவு அதிகம். எண்ணெய் தண்ணீர் மட்டத்தின் மேல் மிதந்து பக்கத்து மனைக்குப் போகும். 2013-ல் சென்னை தண்டையார்பேட்டையில் வீடுகளின் ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீரோடு எண்ணெய் வந்தது. நிலத்தடியில் போகும் பாரத் பெட்ரோலியம் குழாயின் கசிவு அது. தெருவில் ஒருவர் வீட்டிலும் எண்ணெய்த் தொட்டி கிடையாது.

சரி, மாசு இருப்பது தெரிந்துவிட்டது. அந்த மண்ணை வெட்டி லாரியில் அனுப்பிவிடலாமா?

செய்யவே கூடாதது இதுதான், அதிகம் நடப்பதும் இதுதான். அஸ்திவாரக் குழி வெட்டிய மண்ணை லாரிக்காரர் வாங்கிக்கொண்டு போய் எங்கோ ஒரு தாழ்வான மனையில் கொட்டுவார். ஒரு கெட்ட மனை இரண்டாகும்.

அபாயக் கழிவு விதிகள் 2016-ன் இரண்டாம் அட்டவணை வரம்பைத் தாண்டினால் அந்த மண்ணே அபாயக் கழிவு. மண்ணை அமிலக் கரைசலில் குலுக்கி, அதில் இறங்கும் ஈயம் லிட்டருக்கு 5 மில்லிகிராம், பாதரசம் 0.2 மில்லிகிராம் என்ற அளவுகளைத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்கள். தாண்டினால் அங்கீகாரம் பெற்ற கழிவு மையத்துக்குத்தான் போக வேண்டும். தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டியில் அப்படி ஒரு மையம் இருக்கிறது. போகும் லாரியோடு படிவம் 10 போக வேண்டும். எவ்வளவு ஏறியது, யார் ஓட்டினார்கள், எங்கே இறங்கியது என்று எல்லாம் அதில் இருக்கும். உங்கள் பிரதியைப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். குழியில் ஊறும் தண்ணீரை மழைநீர் வடிகாலில் இறைத்து விடுவதும் இதே ரகத் தப்பு.

வெட்டி எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லையா?

உண்டு. குரோமியத்துக்கு இரும்பு சல்பேட் கரைசலை மண்ணுக்குள் செலுத்தி, நச்சு வடிவத்தை அதிகம் கரையாத வடிவமாக மாற்றலாம். எண்ணெய்க்கு அதைத் தின்னும் நுண்ணுயிர்களை விட்டு, மண்ணைக் கிளறி, ஈரம் காத்துச் சுத்தம் செய்யலாம். மலிவு, ஆனால் மாதக் கணக்கில் ஆகும். பாதரச மண்ணைக் கழுவியும் சூடாக்கியும் பிரிக்கலாம். நிலத்தடி நீர் கெட்டிருந்தால் இறைத்துச் சுத்திகரிக்கும் வேலை வருடக்கணக்கில் ஓடும். எதுவானாலும் வாரியத்தின் ஒப்புதலோடு செய்யுங்கள். யாருக்கும் சொல்லாமல் ஜே.சி.பி. வைத்துச் செய்த சுத்தத்துக்குப் பின்னால் எந்தச் சான்றும் கிடைக்காது, சாட்சியத்தை அழித்தீர்கள் என்றும் சொல்வார்கள்.

மேலே கான்கிரீட் போட்டு மூடிவிட்டால்?

சில இடங்களில் அதுவே சரியான தீர்வு. குடோன் தரைக்குக் கீழே நகராத ஈயம் கிடந்தால் தோண்டிக் கிளறுவதைவிட மூடி வைப்பது மேல். ஆனால் தண்ணீர் மட்டம் மேலே வரும் இடத்தில் மூடி போட்டும் பயனில்லை, கீழிருந்து கரைந்து போகும். தின்னர், பெட்ரோல் ஆவியும் விரிசல் வழியே அறைக்குள் வரும். மூடினால் கண்காணிப்புக் கிணறு வைத்துத் தண்ணீரை வருடா வருடம் பார்க்க வேண்டும். நாளை தரையை உடைக்கும் ஆளுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியும்படி பத்திரத்தில் எழுதி வைக்கவும் வேண்டும்.

இன்சூரன்ஸ் கவர் பண்ணுமா?

1991-ஆம் ஆண்டு பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டப்படி எடுக்கும் பாலிசி விபத்துக்கானது. 20 வருடமாகக் கசிந்து இறங்கிய கசடு அதில் வராது.

அந்த மனையைப் பற்றி வாரியத்தில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் விற்பவரிடமே கேளுங்கள். நிறுவுவதற்கான இசைவாணை, இயக்குவதற்கான இசைவாணை, அபாயக் கழிவு அங்கீகாரம், வருடாந்திரக் கழிவுக் கணக்கான படிவம் 4, கழிவு போன படிவம் 10 பிரதிகள். படிவம் 4-ல் வருடத்துக்கு 30 டன் கசடு உண்டானதாக இருந்து, படிவம் 10 எல்லாம் சேர்த்து 8 டன்தான் தேறுகிறது என்று வையுங்கள். மீதி எங்கே? பெரும்பாலும் நீங்கள் நின்றுகொண்டிருக்கும் இடத்துக்குக் கீழே.

அவர் தரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்கு ஒரு மனு போடுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். 'இந்த மனையில் மாசு உண்டா' என்று கேட்டால் 'தகவல் இல்லை' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். சர்வே எண்ணையும் பழைய கம்பெனியின் பெயரையும் குறிப்பிட்டு, இசைவாணை நகல்கள், ஆய்வு அறிக்கைகள், மூடல் உத்தரவுகள், மண், நீர் மாதிரி முடிவுகள் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கம்பெனி நடுவில் பெயர் மாற்றியிருந்தால் பழைய பெயர்கள் அனைத்தையும் எழுதுங்கள். பதில் வரும்வரை அட்வான்ஸை நிறுத்திவைக்க விற்பவர் ஒப்புக்கொள்கிறாரா என்றும் கேட்டுப் பாருங்கள்.